கப்பலில் தொட்டில் யாருக்கு?

உல்லாசக் கப்பல் முதலாளிகளுக்குக் குழந்தைகள் மீதுதான் எத்தனை பாசம்! டிஸ்னி கம்பெனியின் கப்பல்களிலே கைக்குழந்தைகளுக்குத் தனிக் காப்பகம். ராயல் கரீபியன் கம்பெனியின் பெரிய கப்பல்களிலும் காப்பகம். ஆறு மாதக் குழந்தை முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வரை அங்கே விட்டுச் செல்லலாம். தொட்டில் உண்டு, பொம்மை உண்டு, பால் புகட்டவும் துணி மாற்றவும் ஆட்கள் உண்டு.

களைத்துப்போன ஒரு தாய் நாலு மணி நேரம் ஓய்வெடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. நமது கேள்வி வேறு. அந்தத் தாய் ஏன் இவ்வளவு களைத்துப் போனாள்? அவளுக்கு ஓய்வை விற்பவன் யார்? அந்த ஓய்வுக்காக வேறு எந்தத் தாய் தன் குழந்தையைப் பிரிந்து கிடக்கிறாள்?

ஓய்வும் ஒரு சரக்கு

இக்கப்பல்களில் ஏறுவோரில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். செல்வத்தில் தனக்கு நிகரில்லை என்று மார்தட்டும் அந்த நாட்டிலே, பிரசவித்த பெண்ணுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கொடுக்கும்படி தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் கிடையாது. 1993ம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்பு தருகிறது. ஆனால் சம்பளமில்லாமல்! 50 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு அதுவும் பொருந்தாது. சில மாநிலங்கள் தாமாகச் சட்டம் செய்துள்ளன. மற்ற இடங்களில் தாய்மார்கள் முதலாளியின் தயவில்தான் நிற்கிறார்கள்.

வருஷமெல்லாம் பறித்த ஓய்வையே கடலில் மணிக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள். மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளுக்குப் பகலில் விளையாட்டுக் கூடம் இலவசம். கைக்குழந்தைக்கோ மணிக்கு இத்தனை டாலர் என்று பில்! எந்தக் குழந்தையை விட்டு அரை நாழிகை நகர முடியாதோ, அந்தக் குழந்தைக்குத்தான் கட்டணம்!

கைக்குழந்தைகளைக் கவனிக்க அதிக ஆட்கள் தேவை என்பார்கள். உண்மைதான். ஆனால் 2024ல் ராயல் கரீபியனின் நிகர லாபம் சுமார் 290 கோடி டாலர். ஆயாக்களின் கூலியைத் தாங்கமாட்டாமல் அந்தக் கப்பல் மூழ்கிவிடுமா?

கொடியின் மர்மம்

இந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் மியாமியில். ஆனால் 1985ல் அது பதிவானது லைபீரியாவில்! டிஸ்னியின் கப்பல்களில் பறப்பதோ பஹாமாஸ் கொடி. என்ன மர்மம்? அயல்நாட்டில் பதிவான கப்பல் கம்பெனிகளின் சர்வதேசப் போக்குவரத்து வருமானத்துக்கு அமெரிக்க வரிச் சட்டத்தின் 883ம் பிரிவு விலக்குத் தருகிறது. கப்பலில் உழைப்பவனின் வேலை நேரத்தையும் விடுப்பையும் நிர்ணயிப்பது பெரும்பாலும் கொடிக்குரிய நாட்டின் சட்டமே. இந்தச் சௌகரியக் கொடிகளை எதிர்த்து சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948லிருந்து போராடி வருகிறது.

91 மணி நேரம்!

2006ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் இல்லையா என்று வக்காலத்து வாங்குவோர் கேட்கிறார்கள். இருக்கிறது. 2013ல் அமலுக்கும் வந்தது. அது தொழிலாளர் பெற்ற உரிமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துப் பாருங்கள். வாரத்தில் வேலை 72 மணிக்கு மேல் போகக்கூடாது. அல்லது ஓய்வு 77 மணிக்குக் குறையக்கூடாது. இரண்டில் ஒன்றை அரசு தேர்ந்துகொள்ளலாம். வாரத்துக்கு 168 மணி. அதில் 77 போனால் மீதி 91 மணி நேர வேலை! தொழிற்சாலைகளுக்கு வாரம் 48 மணி என்று சர்வதேச ஒப்பந்தம் 1919லேயே எழுதியது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கடலில் இந்தக் கதி!

மகப்பேற்று உதவி? ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட ஒன்பது சமூகப் பாதுகாப்பு இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஒப்புதல் தரும் நாடு முதலில் மூன்று இனங்களை ஏற்றால் போதும். மகப்பேற்று உதவியை வாசலில் நிறுத்திவிட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்!

அவள் குழந்தை எங்கே?

இக்கப்பல்களின் அறைகளிலும் சமையற்கட்டிலும் சலவைக் கூடத்திலும் உழைப்போரில் பெரும்பகுதியினர் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா போன்ற நாடுகளின் ஏழை மக்கள். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். பிலிப்பைன்ஸ் கப்பல் தொழிலாளி அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதத்தை வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அந்நாட்டு அரசு விதித்திருக்கிறது. டாலர் மாதாமாதம் வீடு போய்ச் சேர்கிறது. தாய் போக முடிவதில்லை. தவழும் குழந்தையை விட்டுக் கப்பலேறியவள் திரும்பும்போது அது நடக்கிறது. அவளைக் கண்டு பாட்டியின் சேலைக்குள் ஒளிகிறது.

விரும்பித்தானே வந்தார்கள் என்று கேட்பவர்களே! உள்ளூரில் வயிற்றைக் கழுவ வேலை கிடைத்தால் எந்தத் தாய் கைக்குழந்தையை விட்டுக் கடல் கடப்பாள்? பசி பிடித்துத் தள்ளுவதை விருப்பம் என்று சொல்லாதீர்கள்!

காப்பகத்தை மூடு என்று நாம் சொல்லவில்லை. கட்டணத்தை ஒழி என்கிறோம். 91 மணிக்கு வழிவிடும் ஓட்டையை அடை. மகப்பேற்று உதவியைக் கட்டாயமாக்கு. கைக்குழந்தை உள்ள தொழிலாளிக்குக் குறுகிய ஒப்பந்தமும், வீடு சென்று வரச் சம்பளத்துடன் விடுப்பும் கொடு. பயணியின் குழந்தைக்குத் தொட்டில் ஆட்டும் கைக்குத் தன் குழந்தையைத் தூக்கவும் உரிமை வேண்டும்!