இழுத்த முகத்தை இன்னொரு முறை இழுக்குமுன்

"இந்த வயசுல இவளுக்கு இது தேவையா?" என்று எங்கள் குடும்பத்தில் கேட்காதவர்கள் குறைவு. என் ஒன்றுவிட்ட தங்கை, அறுபது தாண்டியவள், முகச் சுருக்கம் போக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை செய்துகொண்டாள். சரியாக அமையவில்லை. ஒரு காதின் மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிவிட்டது. காதின் பின்னால் தழும்பு தடித்துவிட்டது. நாலு மாதமாக நல்லது கெட்டது எதற்கும் வருவதில்லை.

தலைக்குச் சாயம் பூசுகிறோம், பல்செட் கட்டுகிறோம். அதையெல்லாம் யாரும் கேலி செய்வதில்லை. இதை மட்டும் ஏன் செய்கிறோம்? கேலிக்குப் பயந்தவர்கள் ஒன்று, வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அல்லது அவசரப்பட்டு அடுத்த அறுவைக்கு ஓடுகிறார்கள். இரண்டும் கெடுதல் என்பதே என் கருத்து.

இது இன்று நேற்று வந்த சங்கதியுமல்ல. பிரெஞ்சில் படித்த எனக்கு சுசான் நோயல் என்ற பாரீஸ் பெண் மருத்துவரைப் பற்றித் தெரியும். அழகு அறுவையின் சமூகப் பங்கைப் பற்றி 1926இலேயே புத்தகம் எழுதியவர். நடிகை சாரா பெர்னார் அமெரிக்காவில் செய்துகொண்ட சிகிச்சை திருப்தியளிக்காமல், இவரிடம் வந்து சரிசெய்துகொண்டதாகச் சொல்வார்கள்.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காத்திருத்தல். வீக்கம் வடியவும், மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பவும், தழும்பு முதிரவும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஒரு விலக்கு: அறுவை முடிந்த ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்து, சிறிய வழிகள். தடித்த தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசி, சிலிகான் ஒட்டு உண்டு. நம் போன்ற கறுத்த தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. இழுபட்ட காது மடலை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் சரிசெய்யலாம். குழி விழுந்த கன்னத்துக்கு ஃபில்லர், அல்லது நம் உடம்பிலிருந்தே எடுத்த கொழுப்பு. வாய் ஒரு பக்கம் கோணினால் பெரும்பாலும் சில மாதங்களில் நரம்பு தானே தேறும்; அதுவரை மறுபக்கத்தில் போடாக்ஸ் போட்டுச் சமன்செய்வதும் உண்டு.

கடைசியில்தான் மறு அறுவை. தோலை மட்டும் இறுக்கி இழுத்ததால்தான் பல முகங்கள் புயல்காற்றில் நிற்பதுபோல ஆகின்றன. மறுமுறை நல்ல மருத்துவர் தோலுக்கு அடியிலுள்ள படலத்தைத் தூக்கி நிறுத்தி, தோலைத் தளர்வாக விடுவார். ஆனால் உள்ளே பழைய தழும்பு இருக்கும், மிச்சத் தோலும் குறைவு, நரம்புக்கும் ஆபத்து கூடுதல். ஆகவே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா, இப்படித் திருத்திய அனுபவம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். புகைப்பவர்களுக்குத் தோல் அழுகும் அபாயம் உண்டு, நிறுத்தியாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: பழைய கோப்பைப் பார்க்காமல் புதுக் குறிப்பு எழுதக் கூடாது. முதல் அறுவையின் குறிப்புகள், அதற்கு முன் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, இரண்டாவது மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரான்சில் அழகு அறுவைக்கு எழுத்தில் விலைக்குறிப்பு கொடுத்த பின் 15 நாள் கழியாமல் கத்தி வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் 15 நாளை நாமும் நமக்கு விதித்துக்கொண்டால் யார் தடுக்கப்போகிறார்கள்? என் தங்கைக்கு நான் சொன்னதும் இதுதான். காது மடலை முதலில் பார்ப்போம், மற்றதற்கு வருடம் திரும்பட்டும்.