போனுக்குள் இருக்கும் படம் பத்திரமா?



"பிள்ளை, இந்தப் போன் பழுதாய்ப் போனால் மகன்ரை படமும் போயிடுமோ?" வீடுகளுக்குப் போகும்போது எம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. வேறெங்கும் ஒரு பிரதி இல்லாவிட்டால், ஆம் அம்மா, போய்விடும். ஆகவே இம்மாதம் போனில் வேறு என்னென்ன செய்யலாம் என்பதை விட்டுவிட்டு, கையில் மிஞ்சியிருக்கும் படங்களை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்று பார்ப்போம்.

எமது வன்னியில் முழு அல்பம் ஒன்று மிஞ்சியிருக்கும் வீட்டைக் காண்பது அரிது. 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் இருந்தவற்றைக் கடல் கொண்டுபோனது. 2008 இலும் 2009 இலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, பாரம் என்று விட்டவை, பங்கருக்குள் மண்ணோடு போனவை, பயத்தில் நாமே கிழித்து எரித்தவை என்று இன்னும் எத்தனையோ போயின. செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது பலரிடம் இருந்தது, பிறப்புச் சான்றிதழ்களோடு பைக்குள் கிடந்த ஒன்றிரண்டு படங்கள்தான். சில வீடுகளில் அடையாள அட்டையின் போட்டோகொப்பியில் கறுத்துத் தெரியும் முகம் மட்டுமே உண்டு. அதற்குப் பிறகும் 2018 டிசம்பர் வெள்ளம் வந்தது, 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. மிஞ்சியவையும் நனைந்தன.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, தாய்மாரின் கைகளில் இருந்தவையும் படங்கள்தான். வெயிலிலும் மழையிலும் பிடித்த படம் வெளிறிப் போகாமல் இருக்குமா? கொண்டு செல்வதற்கு ஒரு பிரதியும் வீட்டில் வைப்பதற்கு மூலப்படமும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அலுவலகங்களுக்கும் அமைப்புகளுக்கும் கொடுக்கும்போதும் அப்படியே. மூலப்படத்தைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.

முதலில் படங்களைத் தேடுங்கள். "எங்களிட்டை ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவதற்கு முன், கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலியாண வீடு, சாமத்திய வீடு என்றால் படங்களைக் கடித உறையில் வைத்து அனுப்புவது எமது வழக்கம். இங்கு அழிந்தவை அங்கு ஒரு அலுமாரிக்குள் கிடக்கக்கூடும். பாடசாலைக் குழுப்படங்கள் கூடப் படித்தவர்களிடம் இருக்கலாம்.

இனி, பழைய படத்தைப் போனால் படம் எடுக்கும் முறை. இதற்குப் பெரிய போன் தேவையில்லை. கமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். எமது போன்களில் அதில் எப்போதும் தேங்காயெண்ணெயும் மாவும்தான். படத்தை விறாந்தையில் மேசை மேல் மட்டமாக வையுங்கள். வெயில் நேரே படக்கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். காலை எட்டு, ஒன்பது மணி நல்லது. பிளாஷை நிறுத்திவிடுங்கள். போனைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள்; உங்கள் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தை மூன்று, நான்கு தடவை எடுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கி, கண்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கண் தெளிவென்றால் மற்றதும் தெளிவாகத்தான் இருக்கும்.

லமினேற் செய்த படங்கள்தான் பெரிய கரைச்சல், பளபளப்பு அடிக்கும். படத்தை மெல்ல மெல்லத் திருப்பி, மினுக்கம் மறையும் பக்கத்தில் நின்று எடுங்கள். லமினேற்றை உரிக்க முயலாதீர்கள், முகமும் சேர்ந்து உரிந்துவிடும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் அப்படியே கண்ணாடியோடு எடுத்துவிடுங்கள். குழுப்படம் என்றால் முதலில் முழுப்படம், பிறகு உங்களுக்கு வேண்டியவரின் முகத்தைக் கிட்டவாக ஒன்று. பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரையும் திகதியும் பின்னொரு நாளில் உதவும்.

வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்ரூடியோப் படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் தாமாக விலகும். சேற்றை மெதுவாக அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் காயவிடுங்கள். கொம்பியூட்டர் பிரின்டரில் எடுத்த படங்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது, மை கரைந்துவிடும். அவற்றைத் தண்ணீரில் போடாமல் அப்படியே உலரவிடுங்கள்.

சரி, படம் போனுக்குள் வந்துவிட்டது. ஆனால் பழைய படத்தை அல்பத்திலிருந்து எடுத்து ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. போன் கிணற்றுக்குள் விழலாம், பஸ்ஸில் விடுபடலாம், பிள்ளை தூக்கி எறியலாம். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பார்கள். அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. பிரதி இருந்த நூலைத் திரும்ப வாங்கலாம், அந்தச் சுவடியை எங்கே வாங்குவது? 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து எல்லோரும் இலவசமாகப் படிக்க வைத்துவருகிறது. ஊருக்குப் பொதுவான ஆவணங்களுக்கு அப்படி ஒரு இடம் உண்டு. உங்கள் வீட்டுப் படத்துக்கு அதைச் செய்யவேண்டியவர் நீங்கள்தான்.

ஆவணங்களைப் பாதுகாப்பவர்களிடம் மூன்று, இரண்டு, ஒன்று என்றொரு கணக்கு இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகையான பொருள்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். எமக்குப் பொருந்துமாறு சொன்னால், போனில் ஒன்று, மெமரி காட்டிலோ பென் டிரைவிலோ ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வீட்டுக்கு வெளியே என்பது மன்னாரில் இருக்கும் தங்கையாகவும் இருக்கலாம், இணையமாகவும் இருக்கலாம்.

தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், ஆனால் சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். சிறு திரையில் நன்றாகத் தெரியும். பெரிதாகப் பிரின்ட் எடுக்கப் போகும்போதுதான் முகம் கலங்கியிருப்பது தெரியவரும். அதனால் பேப்பர் கிளிப் போன்ற அடையாளத்தைத் தொட்டு, 'டொக்கியுமென்ட்' என்பதைத் தெரிவுசெய்து, படத்தை அந்த வழியில் அனுப்புங்கள். சுருங்காமல் போய்ச் சேரும். பெற்றுக்கொண்டவர் அதைத் திறந்து தன் போனில் சேமிக்கவும் வேண்டும். 'ஸ்டேட்டஸ்' இல் போடுவது சேமிப்பு அல்ல, 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். முகநூலில் போடுவதையும் சேமிப்பாக நினைக்க வேண்டாம். அதைவிட, சில படங்களை யார் யார் பார்க்கலாம் என்பது எமது வாழ்க்கையில் சின்ன விடயமும் இல்லை.

அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் அநேகமாக ஒரு கூகுள் கணக்கு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. போன் வாங்கிய கடையில் ஒரு தம்பி திறந்து தந்திருப்பார். கடவுச்சொல் அவருக்கும் மறந்திருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 'செட்டிங்ஸ்' இல் 'கூகுள்' என்ற இடத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருக்கும். கடவுச்சொல்லை மாற்றி, மீட்புக்கான தொலைபேசி இலக்கமாக உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுங்கள். அந்த சிம் உங்கள் பெயரிலேயே பதிந்திருக்க வேண்டும். முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு கடதாசியில் எழுதிப் பிறப்புச் சான்றிதழ்களோடு வையுங்கள். எழுதி வைப்பது ஆபத்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எமது அனுபவத்தில், எழுதி வைத்ததால் இழந்தவர்களை விட எழுதாமல் மறந்து இழந்தவர்களே அதிகம்.

இந்தக் கணக்கோடு 15 ஜிபி இடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால் 200 படங்களுக்கு 800 எம்பிதான் வேண்டும், ஒரு ஜிபிகூட இல்லை. பழைய படங்களுக்கு இந்த இடம் தாராளம். நிரப்புவதெல்லாம் காலை வணக்க வீடியோக்கள்தான். 'கூகுள் போட்டோஸ்' இல் 'பக்கப்' என்பதை இயக்கினால் வைஃபை கிடைக்கும்போது படங்கள் தாமாக ஏறும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. பக்கப் ஆன படத்தை, போனில் இடம் போதவில்லை என்று 'கூகுள் போட்டோஸ்' இல் வைத்து அழித்தால், இணையத்தில் உள்ள பிரதியும் சேர்ந்தே அழியும். 60 நாட்கள் குப்பைக்கூடையில் கிடக்கும், அதற்குள் பார்த்தால் மீட்கலாம். பிறகு இல்லை. மற்றது, இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கையும் அதிலுள்ள படங்களையும் கூகுள் அழித்துவிடலாம். 2023 டிசம்பரில் இருந்து இந்த விதி நடைமுறையில் உள்ளது. வெளிநாடு போன மகளின் கணக்கு, இறந்துபோன கணவரின் கணக்கு என்று எங்காவது படங்கள் இருக்குமானால், கடவுச்சொல் தெரிந்தவர்கள் இன்றே திறந்து படங்களை இறக்கிக்கொள்ளுங்கள்.

மெமரி காட்டும் பென் டிரைவும் மலிவு, ஆனால் சாகாவரம் பெற்றவை அல்ல. அலுமாரிக்குள் போட்டுவிட்டு ஐந்து வருடம் கழித்துத் திறந்தால் திறக்காமலும் போகலாம். வருடம் ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போதாவது, போட்டுப் பாருங்கள். "காட் பழுது, போமட் செய்யவா?" என்று போன் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். முதலில் வேறொரு போனிலோ கொம்பியூட்டரிலோ போட்டுப் பாருங்கள்.

போன் தண்ணீரில் விழுந்தால் உடனே நிறுத்துங்கள், சார்ஜில் போடாதீர்கள், சிம்மையும் காட்டையும் கழற்றி, துடைத்து, காற்றுப் படும் இடத்தில் ஒரு நாளாவது வையுங்கள். அரிசி வாளிக்குள் புதைப்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தூசும் மாவும் உள்ளே போய் மேலும் பழுதாக்கும், அரிசியைச் சமையலுக்கு விடுங்கள். திருத்தக் கொடுக்கும்போது காட்டையும் சிம்மையும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். "எல்லாத்தையும் அழிச்சால்தான் வேலை செய்யும்" என்று சொன்னால், படங்களை முதலில் எடுத்துத் தரக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவால் பழைய படத்துக்கு நிறம் கொடுக்கிறோம், முகத்தைத் தெளிவாக்குகிறோம் என்று செயலிகள் வந்திருக்கின்றன. ஸ்ரூடியோக்களிலும் செய்து கொடுக்கிறார்கள். ஆசைக்கு ஒன்று செய்து சுவரில் மாட்டுங்கள், தடையில்லை. ஆனால் கலங்கிய படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் இயந்திரம் தன் ஊகத்தால் வரைகிறது. கிடைப்பது மகனைப் போன்ற ஒரு முகம், மகனின் முகம் அல்ல. தேடுவதற்கோ அலுவலகத்துக்கோ கொடுக்கும் படம் எப்போதும் கைபடாத படமாக இருக்கட்டும்.

படத்தைப் போலவே அதில் இருப்பவர் யார் என்பதும் அழியும். மாமியாரும் பெரியம்மாவும் இருக்கும்போதே, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார், எந்த வருடம், எந்த ஊர், பக்கத்தில் நிற்பது யார் என்று கேளுங்கள். எழுதக் கை வராவிட்டால் போனில் இருக்கும் 'வொய்ஸ் ரெக்கோடர்' ஐ இயக்கி மேசையில் வையுங்கள், அவர்கள் தம் பாட்டில் கதைப்பார்கள். ஒரு படத்துக்கு ஒரு பதிவு என்று வைத்து, பதிவுக்கும் படத்துக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் பிறகு தேடுவது சுலபம். ஒலிப்பதிவை 'கூகுள் போட்டோஸ்' ஏற்றாது. அதனால் அதை மெமரி காட்டுக்கு வேறாகப் பிரதி எடுத்து, தங்கைக்கு அனுப்பும்போது படத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.