அமீர்பேட் வெயிலும் இன்சுலின் குப்பியும்

அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள சந்துகளில், கம்ப்யூட்டர் படிக்க வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளை நம் சங்க அன்பர்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஓர் அறைக்கு நான்கைந்து கட்டில், ஒரு மின்விசிறி. நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. சென்ற மே மாதம், சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட்டுவரும் ஒரு பையனை அப்படியொரு விடுதியில் சந்தித்தேன். மொட்டைமாடியில் தகரக் கூரை அறை. கீழே ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அது சமையலறைக்கு மட்டுமாம். "மருந்து கெட்டுப் போயிருக்கும் அங்கிள், நேத்துலேருந்து போடலை" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது வயதுக்கு மேல் சர்க்கரை வந்த என்னைப் போன்றவர்களின் கதை வேறு. அவன் வகைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. உடனே டாக்டரிடம் அழைத்துப்போய்ப் புதுக் குப்பி வாங்கிக் கொடுத்தோம்.

'ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் இன்சுலின் இல்லை' என்ற எண்ணம் வெயிலைவிடக் கெடுதி என்பது என் கருத்து. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், வாஸ்தவம். ஆனால் உபயோகத்தில் உள்ள குப்பி, பெரும்பாலான வகைகளில், 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டாமல் நான்கு வாரம் வெளியே இருக்கலாம். பெட்டிக்குள் வரும் தாளில் அச்சிட்டிருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. அதற்கு மேல் சூடானால்? புதுச்சேரி ஜிப்மரில் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், 32, 37 டிகிரிகளில் 28 நாள் இருந்த இன்சுலின் 14 முதல் 18 சதவீதம் வீரியம் இழந்திருந்தது. கென்யாவின் அகதிகள் முகாமொன்றில் உள்ளதுபோல் 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் வைத்துப் பார்த்து, ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆய்விலோ, நான்கு வாரத்தில் சொல்லத்தக்க இழப்பில்லை. இரண்டும் ஒத்துப் போகவில்லைதான். ஆனாலும் அந்தச் சூட்டில் ஓரிரு நாளில் மருந்து வெறும் தண்ணீராகிவிடும் என்று எதுவும் சொல்லவில்லை.

செய்தியில் சொல்லும் 42 டிகிரி நிழலில் அளந்தது. ரயில்வேயில் எங்களுக்குத் தண்டவாளத்தின் சூடுதான் கணக்கு. அந்த வெயிலில் இரும்பு 60-ஐத் தாண்டும். அதைப் பார்த்துத்தான் கோடை ரோந்துக்கு ஆள் அனுப்புவோம். குப்பிக்கும் அப்படியே, அது இருக்கும் இடத்தின் சூட்டைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் டிக்கியும் பூட்டி நிறுத்திய காரும் அதற்கு அடுப்பு மாதிரி.

ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு நம் மண்பானை போதும். இங்கே 'ரஞ்சன்' என்று சாலையோரம் விற்கிறார்களே, அதேதான். பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவே மணல், மணலில் காலையும் மாலையும் தண்ணீர். குப்பியை நனையாமல் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி மூட வேண்டும். ஜன்னலருகே காற்று படட்டும், வெயில் படக்கூடாது. நான் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். அறையில் 37 இருந்தபோது பானைக்குள் 27. ஹைதராபாத்தின் உலர்ந்த வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாவதால் இது நடக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் இந்த அளவு குளிராது. சம்பந்தி வீட்டுக்கு யோசனை சொல்லுமுன் இதை நினைவில் வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் செய்யும் தவறு வேறு. 'நன்றாகக் குளிரட்டும்' என்று ஐஸ் அறையை ஒட்டி வைக்கிறார்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலும், பால் போன்றது குலுக்கியும் திரிதிரியாக நின்றாலும் அப்படியே. சூட்டில் குறைந்த வீரியமோ கண்ணுக்குத் தெரியாது. காரணமின்றிச் சர்க்கரை ஏறினால் மருந்தையும் சந்தேகப்படுங்கள். வெயிலில் அலைந்தால் ஊசி மருந்து சீக்கிரம் உடம்பில் ஏறி, சர்க்கரை திடீரென இறங்குவதும் உண்டு. பையில் நாலு சர்க்கரைக்கட்டி இருக்கட்டும்.

வைஃபைக்கும் வெந்நீருக்கும் தனிக் காசு வாங்கும் விடுதிக்காரர்கள், ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா வைக்க இடம் தர மறுப்பது எனக்குப் புரியவில்லை. சங்க நிர்வாகிகள் நாலு பேர் நேரில் போய்க் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். போகும்போது நானும் வருகிறேன். அதுவரை, அமீர்பேட், எஸ்.ஆர்.நகர் பக்கம் உள்ள அன்பர்கள் தங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமானால் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.