ஜி0-ன்னு எப்படித் தெரியும்?

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதியிருந்தேன்: "48 மணி நேரம் சீரம் இல்லாமல் வைத்ததில் பெரும்பாலான செல்கள் ஜி0 நிலைக்குச் சென்றன." ரிவ்யூல மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஜி0-ன்னு எப்படிம்மா தெரியும்?"

என்கிட்ட பதில் இல்ல. பயோடெக் படிக்கிற உங்ககிட்டயும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

செல் சுழற்சி நமக்கெல்லாம் மனப்பாடம். ஜி1, டிஎன்ஏ நகலாகுற எஸ், அப்புறம் ஜி2, செல் ரெண்டாகுற எம். இந்தச் சுழற்சியை விட்டு வெளியே வந்து ஓய்வெடுக்கிற செல்லுக்கு 1963-ல லாய்தா வைச்ச பேர்தான் ஜி0.

பேர் வைக்கிறது ஈஸி, அளக்கிறதுதான் கஷ்டம். நான் செஞ்சது ஃப்ளோ சைட்டோமெட்ரி. ப்ரொப்பிடியம் அயோடைடு சாயம் போட்டா ஒரு செல்லுல எவ்வளவு டிஎன்ஏ இருக்குன்னு தெரியும். ஆனா ஜி0, ஜி1 ரெண்டுலயும் டிஎன்ஏ ஒரே அளவுதான். அதனாலதான் கிராஃப்ல அந்த முதல் சிகரத்துக்கு "ஜி0/ஜி1"னு பேர் போடுறாங்க. நடுவுல இருக்கிற அந்தச் சாய்கோட்டை நான் சத்தமில்லாம தூக்கிட்டேன். அதுதான் என் தப்பு.

ஒரு பஸ் நிக்குது. ஸ்பீடோமீட்டர்ல பூஜ்யம். அது சிக்னல்ல நிக்குதா, டிப்போவுல நிக்குதா, இல்ல இனிமே ஓடவே ஓடாதுன்னு கண்டம் பண்ணி ஓரங்கட்டின பஸ்ஸா? ஸ்பீடோமீட்டரை மட்டும் பார்த்தா மூணும் ஒண்ணுதான். செல்லுலயும் மெதுவா போற ஜி1, ஓய்வுல இருக்கிற ஜி0, திரும்பிப் பிரியவே முடியாத முதுமை நிலைன்னு மூணு இருக்கு.

"கி-67 பார்த்தா போதுமே"ன்னு நீங்க சொல்லலாம். 1983-ல ஜெர்மனியின் கீல் நகரத்துல கண்டுபிடிச்ச அடையாளம் அது. பிரியிற செல்லுல இருக்கும், ஜி0-ல இருக்காதுன்னுதான் படிச்சிருப்போம். ஆனா அது சுவிட்ச் மாதிரி அணையுறதில்ல, செல் ஓய்வுக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும்னு பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கு. ஓய்வும் ஒரே வகை இல்ல. சீரம் இல்லாம நின்ன செல்லும், இடம் நெருக்கடியால நின்ன செல்லும் ஒரே மரபணுக்களை இயக்குறதில்லன்னு 2006-ல ஹிலரி காலர் குழு காட்டினாங்க.

என் கருத்து இதுதான்: ஓய்வுன்னா "நின்னுடுச்சு"ன்னு மட்டும் அர்த்தமில்ல, "திரும்ப ஓட முடியும்"னும் அர்த்தம். அதை ஒரு நேரத்துல எடுத்த ஒரு கிராஃப் சொல்லாது. சீரத்தைத் திருப்பிக் கொடுத்து, செல் மறுபடி எஸ் கட்டத்துக்குள்ள போகுதான்னு பார்க்கணும்.

வெறும் பேர்தானே, இதுக்கு ஏன் இவ்வளவுன்னு விட முடியாது. பாக்லிடாக்செல் மாதிரி புற்றுநோய் மருந்துகள் பிரியிற செல்களைத்தான் அதிகமா பிடிக்கும். ஓய்வுல இருக்கிறது தப்பிச்சு, வருஷங்கள் கழிச்சு முழிச்சுக்கலாம். அந்த செல் தூங்குதா, நிரந்தரமா நின்னுடுச்சான்னு குழப்பிக்கிட்டா, அதோட விலையைக் கொடுக்கிறது நோயாளி.

அதனால நீங்க ரிப்போர்ட் எழுதும்போது, முடிவுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி எதை அளந்தீங்களோ அதை எழுதுங்க. என் வரியை இப்படி மாத்திட்டேன்: "ஜி0/ஜி1 டிஎன்ஏ அளவுள்ள செல்களின் பங்கு கூடியது. சீரத்தைத் திருப்பிக் கொடுத்துச் சோதிக்கவில்லை."

படிக்க முன்ன மாதிரி கெத்தா இல்லதான். ஆனா அடுத்த ரிவ்யூல அதே கேள்வி வந்தா, இப்போ பதில் இருக்கு.