மஞ்சப் பைக்குள்ளே வைத்தியக் குறிப்பு! சீட்டு தொலைந்தால் சிகிச்சை முதலிலிருந்தா?

தஞ்சாவூர்:

"பழைய சீட்டு எங்கேம்மா?"

"மழையில நனைஞ்சு கிழிஞ்சு போச்சுங்க."

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"வெள்ளையா, சின்னதா ஒண்ணுங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

டெல்டாவில் எந்த ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் வெள்ளையும் சின்னதும் எத்தனையோ! டாக்டர் என்ன செய்வார்? மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார், மறுபடி இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார். நடவுக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவருக்கு இன்னொரு நாளும் போச்சு.

அரண்மனைச் சீட்டு

வேடிக்கை என்னவென்றால், இதே தஞ்சையில் சுமார் 200 வருஷத்துக்கு முந்தைய நோயாளிகளின் குறிப்பு பத்திரமாக இருக்கிறது! 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்கு எழுதிய குறிப்புகள் அவை. 40 பேருக்கு மேல், என்ன கோளாறு, என்ன வைத்தியம் என்ற விவரத்துடன், கண்ணின் படங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன.

மன்னரின் தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் தெரிந்தவர்கள் ஒன்றாக வேலை பார்த்தார்கள். கைகண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாகக் கட்டினார்கள். அவைதான் பிற்பாடு 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நோய்வாரியாக அச்சேறின. அரண்மனை வாசலைத் தாண்டி அன்றைக்கு அது குடிசைக்குப் போனதா என்பது வேறு விஷயம்.

கர்ப்பிணிக்கு மட்டும் எப்படி?

இன்றைக்கு இந்தக் காரியம் ஒழுங்காக நடப்பது பிரசவத்தில்தான். கிராம சுகாதார நர்சு கர்ப்பிணியைப் பதிந்து 'பிக்மி' எண் வாங்கித் தருகிறார். எடை, ரத்த அளவு, ஸ்கேன் எல்லாம் அந்த எண்ணில் ஏறுகின்றன. கிராமத்துப் பெண் பிரசவத்துக்கு ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் எண் கூடவே வரும். எண் இல்லாவிட்டால் அரசு உதவித்தொகைக்கும் சிக்கல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் சிக்கல். பிறகு யார் தொலைப்பார்கள்?

அதைவிட முக்கியம் இன்னொன்று. பிரசவத்தில் ஒரு தாய் இறந்துவிட்டால் அத்தோடு கேஸ் முடிவதில்லை. வண்டி தாமதமா? ரத்தம் இல்லையா? அனுப்பியதே தாமதமா? கலெக்டர் கூட்டத்தில் உறவினரையும் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். 1990-களிலேயே தமிழ்நாடு தொடங்கிவிட்ட பழக்கம் இது. தப்பு எங்கே என்று தெரிந்து, அடுத்த கர்ப்பிணிக்கு உஷாராகிறார்கள். 2001-03-ல் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள், 2018-20-ல் 54. இதற்கு 108 வண்டியும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் நர்சு இருப்பதும்கூடக் காரணம்தான்.

கால் போனால் கேட்பாரில்லை

சர்க்கரைக்காரர் கதை அப்படியா? 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண் வீடு தேடி மாத்திரை கொண்டு வந்தார். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரியாஸ்பத்திரியில் மாத்திரையின் அளவை மாற்றியது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நோயாளி வாய் திறந்து சொன்னால் உண்டு. சர்க்கரை முற்றி ஒரு விவசாயத் தொழிலாளியின் காலை எடுத்தால், ஏன் இந்த நிலை வந்தது என்று யாரும் கூட்டம் போட்டுக் கேட்பதில்லை. புண் முதலில் யார் கண்ணில் பட்டது, ஏன் அனுப்பவில்லை என்ற பாடம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

மத்திய அரசு 2021 செப்டம்பரில் 'ஆபா' என்று 14 இலக்க எண்ணை நாடு முழுக்கக் கொண்டு வந்தது. எண் கையில் இருந்தால் போதுமா? நூற்றுக்கணக்கான பேர் நிற்கும் கவுண்டரில் உட்கார்ந்து விவரத்தைத் தட்ட ஆள் வேண்டாமா? தனியார் டாக்டர் எழுதியதையும் யாராவது அதில் ஏற்ற வேண்டுமே! "என் வியாதி ஊருக்கே தெரிஞ்சிடுமோ" என்ற பயமும் மக்களுக்கு இருக்கிறது. அதுவும் நியாயம்தான்.

மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பெயர் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. பெயர் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்கி, காலியானாலும் தூக்கிப் போடாமல் ஓ.பி. வரிசையில் டாக்டரிடம் காட்டினால், "வெள்ளையா, சின்னதா" என்று தடுமாற வேண்டியதில்லை. செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவின் சீட்டை மழைக்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம்.