சீனத் தெருவைப் புதுப்பிப்பது யாருக்காக?

கல்கத்தாவில் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குச் சற்றுத் தள்ளி டிரெட்டா பஜார் என்ற பழைய வட்டாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளாகச் சீனர்கள் குடியிருந்து வரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நடைபாதையில் ஆவியில் வெந்த பண்டங்களும் மீன் உருண்டை சூப்பும் விற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் கடை கட்டி விடுவார்கள். அந்த வட்டாரத்தைப் புதுப்பிக்க வேண்டும், பழைய கோயில்களையும் கட்டடங்களையும் பழுது பார்க்க வேண்டும், உணவுத் தெருவும் காட்சிசாலையும் அமைக்க வேண்டும் என்று ‘சா’ திட்டம் என்ற பெயரில் 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் பலமாகப் பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்த வேகத்தில் வேலை நடக்கவில்லை.

அரூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவருக்கும், பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போகிறவருக்கும் கல்கத்தாவின் சீனத் தெருவில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். அக்கறை இருக்கிறது என்கிறோம். அந்தத் தெரு பிறந்ததே ஒரு கரும்பாலையில்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் அச்சூ என்ற சீன வியாபாரி, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி நதிக்கரையில் சர்க்கரை ஆலை வைத்தான். அவன் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. ஒப்பந்தக் கூலிகளாகச் சீனர்களைக் கப்பலில் கொண்டு வந்தான். அவர்கள் தங்கினார்களா? தப்பி ஓடினார்கள். ஆலைக் கூலிகளை யாரும் ஆசை காட்டிக் கலைத்துக்கொண்டு போகக்கூடாது என்று 1781-ல் கம்பெனி சர்க்கார் அறிவிப்பே வெளியிட வேண்டியிருந்தது. இப்படி ஓடி வந்தவர்களும், கப்பலை விட்டு இறங்கிய மாலுமிகளும், பிறகு வந்த தச்சர்களும்தான் கல்கத்தாவின் சீனக் குடியிருப்பைத் தொடங்கினார்கள். நாம் சர்க்கரையைச் ‘சீனி’ என்று சொல்லும்போதெல்லாம் சீன தேசத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். கோபாலபுரம் ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போடும் தோழர்களுக்கு இந்த ஓடிப்போன கூலிகள் அந்நியர்கள் அல்லர்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிய கதை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மலாக்கா ஜலசந்திப் பிரதேசத்துச் சிறைகளிலிருந்து சீனக் கைதிகளைக் கொண்டு வந்து, நீலகிரியில் நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தில் வெள்ளையர் வேலை வாங்கினார்கள். தண்டனை முடிந்த சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும் மாடு வளர்த்தும் பிழைத்தார்கள். கொயினா மருந்தின் கசப்பில் அவர்கள் வியர்வையும் கலந்திருக்கிறது.

கல்கத்தாச் சீனர் என்ன தொழில் செய்தார்கள்? கான்டன் பகுதியிலிருந்து வந்தவர்கள் தச்சு வேலையும் கப்பல் மராமத்தும் செய்தார்கள். ஹக்கா மக்கள் தோல் பதனிட்டார்கள், பென்டிங்க் தெருவில் செருப்புத் தைத்தார்கள். ஹூபே மாகாணத்தார் பல் கட்டினார்கள். 1905-ல் எழுந்த ஸீ இப் கோயில் போன்ற கட்டடங்கள் வெறும் வழிபாட்டு இடங்கள் அல்ல. ஊரிலிருந்து புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம், வேலை கிடைக்க ஒரு வார்த்தை, செத்தால் அடக்கச் செலவு என்று எல்லாவற்றையும் அந்தச் சங்கங்களே பார்த்தன. தூங் ஆன் கோயிலின் கீழ்த்தளத்தில் நான்கிங் என்ற பேர்போன உணவு விடுதி நடந்தது. மேலே கோயில், கீழே கடை. கடை வாடகையில் மேலே விளக்கு எரியும். கட்டட அமைப்பு என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் இன்று கண்டுபிடித்ததுபோல் சொல்வதை இவர்கள் அன்றே செய்து வைத்தார்கள்.

இதை யார் குலைத்தார்கள்? சுதந்திரத்துக்குப் பிறகு சாலை நீட்டிப்பு, நகர மேம்பாடு என்று சொல்லிப் பழைய குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 1962 எல்லைச் சண்டையின்போது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட சுமார் 3,000 சீனர்களைப் பிடித்து, ராஜஸ்தானத்தில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. சிலர் 1967 வரை கம்பி வேலிக்குள்ளேயே கிடந்தார்கள். தேவ்லி என்ற பெயர் தொழிலாளி இயக்கத்துக்குப் பழக்கமானது. 1940-களின் தொடக்கத்தில் வெள்ளை சர்க்கார் நம் தலைவர்களை அடைத்து வைத்த அதே தேவ்லிதான். திரும்பி வந்த சீனர்களில் பலர் கடையும் வீடும் கைமாறிப் போயிருக்கக் கண்டார்கள். கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் கப்பல் ஏறினார்கள். ஒரு காலத்தில் 20,000 பேர் என்று மதிப்பிடப்பட்ட மக்கள் இன்று சில ஆயிரமே.

நகரின் கிழக்கே டாங்ரா என்ற இடத்தில் ஹக்காக்கள் நடத்திய தோல் தொழிற்சாலைகளின் கதை வேறு. இங்கே ஒன்றைப் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர் சீனர், ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டுத் தோல் உரித்தவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்களும் உள்ளூர் முஸ்லிம் ஏழைகளும். ‘பாரம்பரியச் சீனத் தெரு’ என்று எழுதும் பத்திரிகைகளின் அழகான படங்களில் இவர்கள் முகம் வருவதில்லை. கழிவு நீர் நதியைக் கெடுக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டது. பன்தலாவில் புதிய தோல் வளாகம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நமக்குப் பக்கத்து வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் கழிவு பற்றிய தீர்ப்பும் வந்தது. நஞ்சு நீர் நிற்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. பாலாற்றங்கரை விவசாயி பட்ட பாட்டைக் கண்டவர்கள் வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் தொழிற்சாலை நகரும்போது தொழிலாளி எங்கே நகர்கிறான், அவனுக்கு வீடு எங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்ற கேள்வியை வரைபடம் போடுகிறவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். டாங்ராவில் தொழிற்சாலை இருந்த இடங்களில் இன்று சாப்பாட்டு விடுதிகள் ஜொலிக்கின்றன.

புதுப்பித்தல் என்ற சொல்லை நாம் எதிர்க்கவில்லை. இடிந்து விழும் சுவருக்குள் ஏழை வாழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அல்லர் நாம். யாருக்காகப் புதுப்பிக்கிறார்கள் என்பதே கேள்வி.

பினாங்கைப் பாருங்கள். தமிழனும் சீனனும் துறைமுகத்தில் மூட்டை சுமந்து வளர்த்த ஊர் அது. கீழே கடை, மேலே வீடு. முன்புறம் வெயிலும் மழையும் படாமல் நடக்க ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட வழி. மலாயாத் தமிழர் அதை ‘அஞ்சடி’ என்பார்கள். அந்த அஞ்சடியில் மாலை கட்டுகிறவரும் செருப்புத் தைக்கிறவரும் உட்கார்ந்து பிழைத்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை ஏழைக் குடும்பங்கள் நகர நடுவில் நிலைத்தன. 2000-ம் ஆண்டு ஜனவரியோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று, வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-ல் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகர் என்று யுனெஸ்கோ அறிவித்தது. சுவர் காப்பாற்றப்பட்டது. சுவருக்குள் இருந்தவர்களில் எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்?

அமெரிக்காவில் டாலர் ராஜ்யத்தின் நடுவிலேயே மக்கள் போராடி வென்றதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் சீனத் தெருவை ஒட்டி இன்டர்நேஷனல் ஹோட்டல் என்ற விடுதியில், பிலிப்பைன்ஸ், சீன தேசத்து வயோதிகத் தொழிலாளிகள் ஆளுக்கொரு சிறு அறையில் வாழ்ந்தார்கள். தோட்டத்திலும் கப்பலிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். 1977 ஆகஸ்ட் 4-ந் தேதி அதிகாலையில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் கை கோத்துச் சுவராக நின்றும், போலீஸ் அவர்களை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து கிழவர்களைத் தெருவில் தள்ளியது. கட்டடத்தை இடித்தார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மனை வெறும் பள்ளமாகவே கிடந்தது. வேறெதையும் கட்ட ஜனங்கள் விடவில்லை. 2005-ல் அதே இடத்தில் குறைந்த வருவாயுள்ள முதியோருக்காக நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பிலடெல்பியாவில் சீனத் தெருவை ஒட்டிப் பெரிய விளையாட்டு அரங்கம் கட்ட ஒரு கூடைப்பந்துக் கம்பெனி முனைந்தது. நகர சபை 2024 டிசம்பரில் அனுமதியும் தந்தது. குடியிருப்போரின் இடைவிடாத எதிர்ப்புக்கு நடுவே, மறு மாதமே கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது.

நம் சென்னையிலும் பாடம் இருக்கிறது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். கட்டடத்தில் குறை இருந்தது. ஆனால் தொழிலாளி வேலைக்கு நடந்து போனான். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் எல்லைக்கு அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். வீட்டு வேலை செய்யும் பெண் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரமே அரை நாள் கூலியைத் தின்கிறது. நல்ல சிமெண்டும் நல்ல வர்ணமும் இதற்கு ஈடாகுமா? ஆகாது.

ஆகவே டிரெட்டா பஜாரானாலும் அரூர்க் கடைவீதியானாலும் நாம் கோருவது ஒன்றுதான்: வரைபடத்துக்கு முன் குடியிருப்போர் கணக்கு. யார் வாடகைக்கு இருக்கிறார், யார் நடைபாதையில் பூ விற்கிறார், எந்தத் திண்ணையில் செருப்புத் தைக்கிறார் என்று எழுதி, அவர்களையே கூட்டி வைத்துப் பேசி, பகுதி பகுதியாகப் பழுது பார்த்து, அதே வாடகையில் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

இதற்கு ஓரளவு சட்டமும் இருக்கிறது. 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றினால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அரூரில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது, கணக்கெடுப்புப் பட்டியலில் யார் பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று நகர நிர்வாக அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலம் கேட்குமாறு சங்கத் தோழர்களைக் கேட்டுக் கொள்கிறோம். பதிலை நமக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.