மரப்பாலமும் மெகாபைட்டும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மீது ஏறியிருக்கிறீர்களா? ஏறியவர்களுக்கு ஓரிடம் மறந்திருக்காது. மூச்சு வாங்க உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து ஒரு பெரும்பள்ளம் குறுக்கிடும். அதன்மேல் உள்ள சிறிய பாலத்தைக் கடந்துதான் உச்சிக்குப் போக முடியும். கோட்டையில் படைகள் இருந்த நாளில் அது மரப்பாலம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். கீழே பத்தாயிரம் பேர் திரண்டு நின்றால்தான் என்ன? ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் மேலே போகலாம் என்பதை அந்தப் பாலத்தின் அகலமே தீர்மானிக்கும்.

இந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப் போவது கணிப்பொறியைப் பற்றி.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கால ராணுவ அரண்கள் 12 சேர்க்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. அதன் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் நால்வர் என்னிடம் வந்தார்கள். கோட்டையைப் பற்றி அரைமணி நேரப் படம் ஒன்றை முழு ஹெச்.டி. தரத்தில் எடுக்கப் போகிறார்களாம். பழைய மாணவர்கள் எண்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். படத்தொகுப்புக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. பணத்தில் பாதிக்கு மேல் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விட்டது. "இது இருந்தால் எல்லாம் வேகமாக ஓடும் என்று சொல்கிறார்கள், சார்" என்றான் ஒருவன்.

யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

முழு ஹெச்.டி. படம் ஒன்றில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆகவே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 லட்சம் பைட். வினாடிக்கு 25 படங்கள் என்றால் சுமார் 155 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 560 ஜிகாபைட்! நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் செல்பேசி இவ்வளவையும் எழுதுவதில்லை. பல செல்பேசிகள் வினாடிக்கு சுமார் 20 மெகாபிட் அளவுக்கே எழுதுகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். கடைகளில் இதனால் ஏமாறுபவர்கள் உண்டு. 20 மெகாபிட் என்பது 2.5 மெகாபைட்தான். 155 மெகாபைட் இரண்டரை ஆகிவிட்டது. அறுபது பங்கில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று?

ராஜகிரியை அசையாமல் படம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மலை மாறவில்லை; ஒரு குரங்குதான் மதில்மேல் நகர்ந்திருக்கிறது. ஆகவே முதல் படம் முழுமையாகவும், அடுத்தடுத்தவை பெரும்பாலும் மாறுதலாக மட்டுமே பதிவாகின்றன. இடம் மிச்சம். ஆனால் தொகுக்கும்போது நீங்கள் பத்தாவது படத்தைக் கேட்டால், கணிப்பொறி முதல் படத்திலிருந்து தொடங்கி மாறுதல்களைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். பின்னோக்கி ஓட்டினால் தொல்லை இன்னும் அதிகம். படம் விக்கி விக்கி நிற்பது இதனால்தான்.

இப்போது பாலம் எங்கே என்று தேடுவோம். சாதாரண ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேலேயே தரும். நமக்கு வேண்டியது இரண்டரை. அங்கே நெரிசல் இல்லை என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்தத் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய தகவல் காந்தமுனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். காந்தமுனை நகரும் நேரம் தனி. நான்கு துண்டுகளை மாற்றி மாற்றிக் கேட்டால் காத்திருப்பே மிஞ்சும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. அதன் காத்திருப்பு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே. பழைய கணிப்பொறிக்குப் புத்துயிர் தருவது இதுவே என்பேன்.

அடுத்த இடுக்கு, மாறுதல்களைக் கூட்டும் வேலை. இதற்கென்று தனிச் சுற்றுகள் அண்மைக்காலச் செயலிகள் பலவற்றில் உள்ளேயே அமைந்திருக்கின்றன. வெட்டி ஒட்டி, தலைப்பு போட்டு, குரல் சேர்க்கும் பள்ளிப் படத்துக்கு அது போதும். நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்தை எடுத்து, அடுக்கடுக்காக நிறம் திருத்துபவருக்குக் கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே உழைக்கும். அதை நான் மறுக்கவில்லை. இந்த நால்வருக்கு அந்த வேலை இல்லையே!

அப்படியும் விக்கினால் பழைய கோடம்பாக்கத்து வழி ஒன்று உண்டு. பிலிம் காலத்தில் தொகுப்பாளர்கள் மூல நெகட்டிவைத் தொடமாட்டார்கள். அதன் நகலை மூவியோலாவில் ஓட்டி வெட்டிப் பார்ப்பார்கள். முடிவானபின் அதே கணக்கில் நெகட்டிவ் வெட்டப்படும். இன்றைய மென்பொருள்களும் இதையே செய்கின்றன. 960 × 540 புள்ளிகளில், அதாவது கால் பங்கு அளவில், நகல் எடுத்துக்கொண்டு அதைத் தொகுக்கலாம். கடைசியில் கணிப்பொறி மூலப் படத்தை எடுத்துக்கொள்ளும். விலையின்றிக் கிடைக்கும் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலும் இந்த வசதி உண்டு. 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினி ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில், அண்ணனுடையதோ அக்காளுடையதோ, கிடக்கிறதா? இறக்கித் தூசி தட்டி, ஒரு நிமிடப் படத்தின் நகலை ஓட்டிப் பாருங்கள். ஓடினாலும் ஓடும்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்களுடன் நானும் கோட்டையைப் படம் எடுத்தேன். அடிவாரத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், மழைநீர் எந்தப் பாறையிலிருந்து வழிந்து எந்தக் குளத்துக்குப் போகும் என்பதைக் கைத்தடியால் காட்டிக் காட்டி இரண்டு மணி நேரம் பேசினார். அப்போது விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கும் தாளில் கையெழுத்திட்டவன் நான்தான். இரண்டாவது ஹார்டு டிஸ்குக்குப் பணம் இல்லை என்று சொன்னவனும் நான்தான். இருந்த ஒரே டிஸ்க் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையிலிருந்து விழுந்தது. காந்தமுனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பதிவு மீளவில்லை. மறுபடி எடுக்கலாம் என்று போனபோது பெரியவர் இல்லை.

ஆகவே பட்டியலைத் திருத்தினோம். கிராபிக்ஸ் கார்டை அடித்தேன். அந்த இடத்தில் 16 ஜிகாபைட் ராம், எஸ்.எஸ்.டி., மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ்., இரண்டு ஹார்டு டிஸ்க் என எழுதினோம். சட்டையில் குத்தும் மைக் ஒன்றையும் சேர்த்தார்கள். மலைமேல் காற்று அப்படி. (முக்காலியோ டிரோனோ கொண்டுபோவதாக இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் அனுமதி கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.) நால்வரில் ஒரு பெண்ணுக்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டு போனதில் வருத்தம். "அதில் விளக்கெல்லாம் எரியும், சார்" என்றாள்.

சென்ற வாரம் வந்திருந்தார்கள். படம் இன்னும் முடியவில்லை. கலியாண மகாலும் களஞ்சியமும் முடிந்து, சக்கரக்குளத்தருகே நிற்கிறார்கள். ஒரு டிஸ்க் தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கிறது. இன்னொன்றைத் திண்டிவனத்திலிருந்து வரும் ஆசிரியை சனிக்கிழமைதோறும் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.